நேரம் தப்பிய சங்கு

ஊர் திரும்பியதிலிருந்து எல்லோரும் கால்வாயைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மந்தாரக்குப்பம் டீக்கடையில், என்னோடு ஒரே ஷிஃப்டில் வேலை செய்யும் நண்பர், "ஏங்க, ஆம்ஸ்டர்டாம்ல தெருவெல்லாம் தண்ணியாமே, வேட்டிய மடிச்சிக் கட்டிகினா நடந்தீங்க?" என்று கேட்டார். சிரித்துவிட்டு கைபேசியில் இருந்த படங்களைக் காட்டினேன். வெயிலில் மின்னும் தண்ணீர், அதன்மேல் வளைந்த பாலம், தோளோடு தோள் சாய்ந்து நிற்கும் ஒல்லியான வீடுகள். எல்லாமே ஒரே நாளில், நண்பகலுக்கு முன் எடுத்தவை. அதன் பிறகு அந்த ஊரில் நான் படம் எடுக்கவே இல்லை. நண்பருக்கு அது தெரிய வேண்டியதில்லை.

மகளும் மருமகனும் அங்கே வேலை பார்க்கிறார்கள். பேத்தி அப்போதுதான் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகியிருந்தாள். மகளின் விடுப்பு முடியப்போகிறது, குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைக்க இன்னும் சில மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். என் மனைவி போவதாகத்தான் இருந்தது. கண்ணில் அறுவை சிகிச்சை ஆனதால் அவளால் முடியவில்லை. சேர்ந்திருந்த விடுப்பை எல்லாம் எடுத்துக்கொண்டு நான் கிளம்பினேன்.

"டயப்பர் மாத்தறதுக்கும் ஹெல்மெட் போட்டுகினு நிக்காதீங்க" என்று குவார்ட்டர்ஸ் வாசலில் மனைவி சொல்லி அனுப்பினாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் நான் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். புதிதாக வரும் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு, அபாயச் சங்கு ஊதினால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை. கையில் இருப்பதைப் போடு. எதையும் எடுக்க நிற்காதே. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார், அதற்குக் குறுக்கே போ. யாரைத் தேடியும் உள்ளே திரும்பாதே. திறந்த வெளியில், அசெம்ப்ளி பாயிண்டில் போய் நில். பெயர் கூப்பிடும்வரை அசையாதே. இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஷிஃப்ட் மாறும் நேரத்துச் சங்கை எங்கள் ஊரில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. நேரம் தப்பி ஊதினால் மட்டும், அடுப்பில் பாலை வைத்தவர்கள்கூட வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

அன்று திங்கள்கிழமை. நான் போனதிலிருந்து விடாமல் பெய்த மழை விட்டு வெயில் அடித்தது. "வாங்கப்பா, வழி காட்டிடறேன். புதன்கிழமைல இருந்து நீங்களும் குட்டியும்தான்" என்றாள் மகள். குழந்தை வண்டியை நான் தள்ளினேன்.

அந்த ஊர்க்காரர்கள் வெயிலைப் பார்த்தால் வீட்டுக்குள் இருப்பதில்லை போலிருக்கிறது. படிக்கட்டிலும் படகிலும் பாலத்துக் கட்டையிலும், வடகம் காய வைத்ததுபோலக் கிடந்தார்கள். கால்வாய் ஓரமாக மரங்கள், மரங்களுக்கு இடையில் சங்கிலி போட்ட சைக்கிள்கள். இலைகளின் நிழல் தண்ணீரில் ஆடுவதைப் பார்த்துக் குழந்தை கையை நீட்டிக் குரல் கொடுத்துக்கொண்டே வந்தாள். எனக்கு அந்தத் தண்ணீரின் மேல்தான் கண்.

"ஏம்மா, ஒரு கம்பி இல்ல, கயிறுகூட இல்ல. மைன்ஸ்ல லாரி போற ஓரத்துல மண்ணு மேடாவது போட்டிருப்போம்."

"சார் இன்ஸ்பெக்‌ஷன் வந்திருக்காருடி குட்டி" என்று மகள் குழந்தையிடம் சொன்னாள். "ரிப்போர்ட் எழுதிடாதீங்கப்பா, ஊரையே மூடிடுவாங்க."

சிரித்தேன். நன்றாக இருந்தது. தான் வேலைக்குப் போனபின் மதியம் எந்தக் கடையில் பால் வாங்கலாம், எந்தப் பாலத்தில் திரும்பினால் வீடு என்றெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். என்னை நம்பி ஒரு குழந்தையை விடப்போகிறார்கள் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. அவளை வளர்த்த காலத்தில் நான் பாதி நாள் நைட் ஷிஃப்டில் இருந்தவன்.

ஒரு பாலத்தின் அருகே ரொட்டிக் கடை. உள்ளே கூட்டமாக இருந்ததால், "வண்டிய இங்கயே நிறுத்திக்கிங்கப்பா, இதோ வந்துடறேன்" என்று அவள் மட்டும் போனாள். நான் தண்ணீரிலிருந்து தள்ளி, வண்டிக்கு பிரேக் போட்டேன். போட்டதை இன்னொரு முறை காலால் அழுத்திப் பார்த்தேன்.

அப்போது சங்கு ஊதியது.

ஊர் முழுக்க, நான்கு பக்கமிருந்தும், ஒரே இழுப்பாக. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு. பன்னிரண்டு மணிக்கு எந்த ஷிஃப்டும் மாறாது. அதற்குப் பிறகு நான் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. குழந்தையின் பெல்ட்டைக் கழற்றினேன், தூக்கினேன். படகில் இருந்த கொடியைப் பார்த்துக் காற்றின் திசை தெரிந்துகொண்டேன். குறுக்குத் தெருவில் ஓடினேன். வழியில் ஒரு பெண்ணின் சைக்கிளில் இடித்தேன், நிற்கவில்லை. மற்றவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள், காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லையே என்றுகூட ஓட்டத்தில் நினைத்தேன். ஒரு தேவாலயத்தின் முன்னால் திறந்த வெளி தெரிந்தது. அதன் நடுவில் போய், குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, நேராக நின்றேன்.

பெயர் கூப்பிட யாராவது வருவார்கள் என்று காத்திருந்தேன்.

சங்கு நின்றது. ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஓடியது விளையாட்டு என்று நினைத்து, பேத்தி என் சட்டைப் பட்டனைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். அப்போதுதான் மகளின் நினைவு வந்தது.

திரும்பி ஓடினேன். பாலத்தருகே கூட்டம். நான் விட்டுப்போன வண்டி, விட்ட இடத்திலேயே, பெல்ட் தொங்க, காலியாக நின்றது. மகள் கால்வாயின் விளிம்பில் மண்டியிட்டிருந்தாள். அவளை இரண்டு பேர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் ஓர் இளைஞர், போட்டிருந்த சட்டையோடு, மூழ்குவதும் எழுவதுமாக இருந்தார். மகள் கத்தவில்லை. குழந்தையின் பெயரைத் தாழ்ந்த குரலில், தூங்குகிற பிள்ளையை எழுப்புவதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குழந்தைதான் முதலில் "மா" என்றாள்.

அவள் எழுந்து வந்து என் கையிலிருந்து குழந்தையை வாங்கினாள். வாங்கினாள் என்பது மரியாதைக்காக எழுதுகிறேன். பிடுங்கினாள். தண்ணீரிலிருந்து அந்த இளைஞரைத் தூக்கினார்கள். பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டே, குழந்தையைப் பார்த்ததும் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். "சைரன், சைரன்" என்று ஆங்கிலத்தில் எல்லோரிடமும் சொன்னேன். ஒரு முதிய பெண் என் முழங்கையைத் தொட்டு, அது சோதனைக்காக ஊதுவது, ஒவ்வொரு மாதமும் முதல் திங்கள்கிழமை நண்பகலில் ஊதும் என்று நிதானமாக விளக்கினார். பின்னால் யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மகள் முன்னால் நடந்தாள். காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு நான் பின்னால் போனேன். அதே பாலங்கள், அதே வெயில். வீட்டுக்கு அருகில் வந்தபிறகுதான் பேசினாள்.

"நான் கடைக்குள்ளதானேப்பா இருந்தேன்."

ரொட்டிக் கடைக் கதவுக்கும் நான் நின்ற இடத்துக்கும் நடுவில் ஒரு சைக்கிள் நிறுத்தும் இடம்கூட இருக்கவில்லை. ஒரு குரல் கொடுத்திருந்தால் அவளுக்குக் கேட்டிருக்கும். உள்ளே திரும்பாதே என்ற பாடத்தை நான் என் மகளிடமே நடத்திக் காட்டியிருந்தேன். வண்டியை மடித்து வாசலில் வைத்தேன். அதை மட்டும் இன்றுவரை அவளிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று மாலை பக்கத்து அறையில் மருமகனிடம், "நான் முன்னாடியே சொல்லியிருக்கணும், எனக்குப் பழகிப்போச்சு, மறந்துட்டேன். என் தப்புதான்" என்று அவள் சொல்வது கேட்டது. எழுந்து போய், இல்லை என்று சொல்லியிருக்கலாம். போர்வையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. காப்பகத்தில் இடம் கிடைக்கும்வரை சம்பளமில்லாத விடுப்பு வாங்கிவிட்டாள். "நீங்க ரெஸ்ட் எடுங்கப்பா, ஊர் சுத்திப் பாருங்க" என்றாள். நான் வெங்காயம் உரித்துக் கொடுத்தேன், துணி மடித்தேன். பேத்தி என் மடியில் ஏறினால், சமையலறை வாசலில் மகளின் நிழல் வந்து நிற்கும்.

கிளம்புவதற்குள் இன்னொரு முதல் திங்கள்கிழமை வந்தது. மகள் குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். பேத்தி தரையில் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதும் என்று எனக்குத் தெரியும். காலையிலிருந்தே தெரியும். ஊதியதும் நாற்காலியின் கைகள் இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டேன். பேத்தி தவழ்ந்து வந்து, என் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்று, தூக்கச் சொல்லிக் கை நீட்டினாள். நான் தூக்கவில்லை.

சோப்பு நுரை வழியும் கையோடு மகள் ஓடி வந்தாள். சங்குக்காக ஓடி வரவில்லை.

"டெஸ்ட்டுதான்ப்பா" என்றாள், குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே.

"தெரியும்மா" என்றேன்.

சங்கு ஓயும்வரை அவள் அங்கேயே நின்றாள். நானும் நாற்காலியிலிருந்து கையை எடுக்கவில்லை.