சீட்டுக்கு அடியில் ரீசெட் பட்டன்

பைக்கில் வைத்த டர்போ முதல் தடவை ஊதிய அன்று ஹெல்மெட்டுக்குள்ளேயே கத்திவிட்டேன். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். புதுப்பட்டினத்தைத் தாண்டிச் சவுக்குத் தோப்பை ஒட்டிப் போகும் நேர் ரோடு, மூன்றாவது கியர். ஆக்சிலரேட்டரை முறுக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. போச்சு, இத்தனை மாதம் பட்ட பாடு வீண் என்று நினைத்து முடிப்பதற்குள் முழங்காலுக்குப் பக்கத்தில் விசில் மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. அவ்வளவுதான். ஹேண்டில்பார் என் கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. சவுக்கு மரங்கள் எல்லாம் ஒரே பச்சையாகிவிட்டன. திரும்பி வந்து வண்டியை நிறுத்தியபோது வாய் காது வரை இருந்ததாக அண்ணன் சொன்னான்.

"இன்னா, எப்டி கீது?" என்றான்.

"ண்ணா, இது வண்டியே இல்லண்ணா!" என்றேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. அண்ணனுக்குப் புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்குப் பின்னால் லேத் பட்டறை. மீன்பிடி படகுகளின் ப்ரொபெல்லர் ஷாஃப்டைக் கடைந்து கொடுப்பதுதான் அவன் சோறு. நான் பக்கத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில், பிரஷர் கேஜ்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தேன். தொண்ணூறுகளில் பாலிடெக்னிக் படித்த காலத்திலிருந்தே, அண்ணனின் மொபெட்டில் செங்கல்பட்டுக்கும் ஊருக்கும் இரும்புக் கம்பி ஏற்றிக்கொண்டு பறந்த ஆள் நான். பொம்பளைப் பிள்ளை இப்படி ஓட்டுகிறதே என்று யாராவது சொன்னால் இன்னும் கொஞ்சம் முறுக்குவேன். அந்தக் குணம் கல்யாணத்துக்குப் பிறகும் போகவில்லை.

வண்டி கிடைத்ததும் செங்கல்பட்டில்தான். கப்பலில் எஞ்சினியராக இருந்த ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த ஜப்பான் வண்டி. நாலு சிலிண்டர். அவர் ஓட்டுவதை விட்டு நாளாகி, வண்டி கொட்டகையில் கிடந்தது. சீட்டின் மேல் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை நகர்த்திவிட்டு அண்ணனும் நானும் அதை மினி லாரியில் ஏற்றினோம். திருக்கழுக்குன்றம் மலை கண்ணில் படும்போதே அண்ணன் ஆரம்பித்துவிட்டான். சும்மா ரிப்பேர் பண்ணி ஓட்டுவதில் என்ன இருக்கிறது, டீசல் காரிலிருந்து கழற்றிய சின்ன டர்போ ஒன்றைச் சென்னையில் பார்த்து வைத்திருக்கிறேன் என்றான். எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்திலேயே ஒரு சக்கரம் சுழன்று, காற்றை அமுக்கித் திரும்ப எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடும், பெட்ரோல் கூடினால் பலம் கூடும். கேட்க எவ்வளவு சுலபமாக இருந்தது!

இந்த இடத்தில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோயம்புத்தூர்ப் பக்கம். அவருக்கும் கல்பாக்கத்தில்தான் வேலை, கண்ட்ரோல் ரூமில் ஷிஃப்ட். மனுஷர் தங்கம், ஆனால் பாதுகாப்பு என்று வந்துவிட்டால் நம்மை உயிரோடு விடமாட்டார். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். பிறகு என்னையும் ஒரு தடவை இழுத்துப் பார்க்கச் சொல்வார். பூட்டியவரே சரிபார்த்தால் செல்லாதாம். இப்படிப்பட்டவரிடம் டர்போ வைத்த பைக்கை நான் ஓட்டப் போகிறேன் என்று சொன்னால் என்ன ஆகும்? சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். நல்ல சண்டைக்குத் தயாராகவும் இருந்தேன். அவர் கத்தவில்லை. கமிட்டி போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் குவார்ட்டர்ஸ் சாப்பாட்டு மேசை. உறுப்பினர்கள் அவர், நான், அண்ணன். வஞ்சிர மீன் குழம்புக்கு நடுவில் கேள்வி மேல் கேள்வி.

"ஏனுங் மச்சா, காத்து அழுத்தம் அளவுக்கு மேல போனா என்னாகுமுங்க?"

"பிஸ்டன் ஓட்டையாவும் மாப்ள."

"ஆயில் போறது நின்னு போச்சுன்னா?"

"டர்போ பூடும். இன்னா மாப்ள, சும்மா பேஜார் பண்ணிகினு. சோறு ஆறுது, துன்னு."

அவர் சாப்பிட்டார், ஆனால் விடவில்லை. மூன்று ஞாயிறுகள் போன பிறகு தீர்ப்பு வந்தது. காற்றழுத்தம் எல்லையைத் தாண்டினாலோ ஆயில் அழுத்தம் குறைந்தாலோ எஞ்சின் தானாக அணைந்துவிட வேண்டும். அவர்கள் பாஷையில் அதற்கு ட்ரிப் என்று பெயர். ஒரு தடவை ட்ரிப் ஆனால் சாவியைத் திருப்பியெல்லாம் திரும்பக் கிளப்ப முடியாது, ரீசெட் பட்டனை அமுக்க வேண்டும். அந்தப் பட்டனை யாரும் அவசரத்தில் யோசிக்காமல் அமுக்கிவிடக் கூடாது, ஆகவே அது சீட்டுக்கு அடியில் இருக்க வேண்டும். எனக்கும் இதெல்லாம் நியாயமாகவே பட்டது. நானும் அதே ஊரில் அதே மாதிரி வேலை பார்த்தவள்தானே. சந்தேகம் வந்தால் நிறுத்து என்பது எங்கள் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறியிருந்தது. பிரஷர் ஸ்விட்சையும், அது சொன்னதும் எஞ்சினை அணைக்கும் ரிலேயையும் நானே பொருத்தினேன், அதுவும் அழகாக.

கடைசி நிபந்தனைதான் என்னைக் குத்தியது. எல்லாம் முடிந்ததும் அவர் பின்னால் உட்கார்ந்து ஒரு தடவை மாமல்லபுரம் வரை வருவார். வழியில் வண்டி ட்ரிப் ஆகக் கூடாது. அப்படி ஆகிவிட்டால் டர்போவைக் கழற்றிவிட வேண்டும். மறுபேச்சு கிடையாது.

"ஒரே ஒரு தடவைதான் அம்மிணி. அதுலயே நிக்காம போச்சுன்னா நான் வாயே தொறக்கல," என்றார்.

அவர் வார்த்தை தவறமாட்டார், அதுதான் பயமே. சரி என்று கையடித்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு பட்டறையே கதி. ஆபீஸ் முடிந்தால் அங்கேதான். நாலு சிலிண்டரின் புகைக் குழாய்களையும் ஒன்றாக்கி டர்போவுக்குக் கொண்டுவரும் பைப்பை அண்ணன் வளைத்து வளைத்து வெல்டு வைத்தான். முதலாவது விரிசல் விட்டது, இரண்டாவது ரேடியேட்டரில் இடித்தது, மூன்றாவது அப்படியே உட்கார்ந்தது. உள்ளே அழுத்தம் கூடுவதால் சிலிண்டருக்கு அடியில் ஒரு தகடு கொடுத்து இடத்தைக் கூட்டினோம். கிளட்ச் வழுக்கியது, கெட்டியான ஸ்பிரிங் போட்டோம். அப்புறம் கிளட்சைப் பிடிக்க எனக்கு முன்கையே வீங்கியது. பிடி பிடி என்று பிடித்துப் பழகினேன். எங்கேயோ காற்று கசிந்தபோது சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவினேன். கிளாம்பு ஒன்றுக்கு அடியில் நுரை பொரிந்து வந்தது. அண்ணன் என்னைப் பார்த்து, "உங்க ஆபீஸ்ல இதுக்கா சம்பளம் குடுக்குறான்?" என்றான். இதற்கும்தான் என்றேன்.

பெரிய தலைவலி புகை. வண்டி நின்ற இடத்தில் எஞ்சின் ஓடினாலே பின்னால் நீலமாகக் கக்கும்.

"இன்னாண்ணா, பொகை வந்துகினே கீது!"

"டர்போ சீல் பூட்ச்சி போல."

சீல் போகவில்லை. டர்போவுக்குப் போன ஆயில் திரும்ப இறங்கி வரும் குழாயில் சரிவு போதவில்லை. ஆயில் தேங்கிப் புகைக்குழாய்க்குள் வழிந்துகொண்டிருந்தது. டர்போவை விரலளவு தூக்கி வைத்தோம், புகை நின்றது. அன்று நாங்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துப் பக்கத்து ஐஸ் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இத்தனைக்கும் நடந்தது என்னவோ ஒரு குழாய் சரிவானதுதான்.

அப்புறம்தான் நான் ஆரம்பத்தில் சொன்ன சவுக்குத் தோப்பு ஓட்டம். அதற்குப் பிறகு தினமும் விடியலில் ஓட்டினேன். ஓடி வந்ததும் உடனே அணைக்கக் கூடாது, டர்போ சூடு தணியும் வரை நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓட வேண்டும். குவார்ட்டர்ஸில் எதிர் வீட்டு அம்மா ஜன்னலைப் படாரென்று சாத்துவார். உப்புக் காற்றில் போல்ட்டெல்லாம் துருப் பூத்துப் போகும். வாரா வாரம் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். ஆயிலை மற்றவர்கள் மாற்றுவதைவிட இரண்டு மடங்கு சீக்கிரம் மாற்றினேன். கைக்குழந்தை வைத்திருப்பவள் கூட இவ்வளவு பாடு பட்டிருக்கமாட்டாள். ஆனால் அந்த விசில் கேட்டதும் பட்ட பாடெல்லாம் மறந்து போகும். ஒரு தடவைகூட ட்ரிப் ஆகவில்லை.

பரீட்சை நாள் வந்தது. மார்கழிக் காலை, காற்று ஜில்லென்று இருந்தது. வீட்டுக்காரர் ஹெல்மெட், ஜெர்கின், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு, பின்னால் உட்கார்ந்து சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். என் தோளைப் பிடித்தால் என் கவனம் சிதறுமாம்.

கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஏறினேன். வண்டி எவ்வளவு அழகாகப் போனது தெரியுமா! நாலு சிலிண்டரும் ஒரே குரலில். பின்னால் இருந்து ஒரு சத்தமும் இல்லை, அதுவே அவரிடமிருந்து பெரிய பாராட்டு. சதுரங்கப்பட்டினம் தாண்டியதும் முன்னால் பாண்டிச்சேரியிலிருந்து வரும் பஸ் ஒன்று. எதிரே ரோடு காலி. இண்டிகேட்டர் போட்டேன், மூன்றாவது கியருக்கு இறக்கினேன், முறுக்கினேன். விசில் கிளம்பியது. பஸ்ஸின் பின் சக்கரத்தை எட்டி, பாதி பஸ் வரை வந்துவிட்டேன். அப்போதுதான் எதிரே வளைவிலிருந்து மீன் வேன் ஒன்று திரும்பியது. தூரம் போதும், இந்த வண்டிக்கு அது தாராளம். இன்னும் கொஞ்சம் முறுக்கினேன்.

எஞ்சின் அணைந்தது.

ஹேண்டில்பாரில் ட்ரிப் ஆனதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. காற்றின் சத்தம் மட்டும்தான் காதில். இடது பக்கம் பஸ், எதிரே வேன், நடுவில் உயிரில்லாத வண்டியில் நாங்கள் இருவர். ரீசெட் பட்டன் எங்கே? எங்கள் இரண்டு பேருக்கும் அடியில். கிளட்சைப் பிடித்தேன். நல்லவேளையாகப் பஸ்காரர் வேகத்தைக் குறைக்கவில்லை. அவர் முன்னே போகப் போக, அவர் பின்புறம் கண்ணில் பட்டதும் இடது பக்கம் ஒடித்தேன். ஹார்ன் அலறிக்கொண்டு வேன் உரசுகிற மாதிரி போனது. ஐஸ் தண்ணீர் முகத்தில் அடித்தது. வண்டி தானாக உருண்டு மண்ணில் இறங்கி நின்றது.

இரண்டு பேரும் இறங்கினோம். என்ன நடந்தது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. இத்தனை நாளும் தனியாகவே ஓட்டிப் பார்த்திருந்தேன். இரண்டு பேர் கனமும் குளிர்ந்த காற்றும் சேர்ந்ததில் அழுத்தம் எல்லையை ஒரு மயிரிழை தாண்டியிருக்கிறது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் ட்ரிப் ஆனது ஆனதுதான். டர்போவைக் கழற்ற வேண்டும். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. சாக இருந்தோமே என்பதை விட, இனிமேல் அந்த விசிலைக் கேட்க முடியாது என்பதுதான் அப்போது பெரிதாகப் பட்டது. அப்படியொரு பைத்தியம்.

"கழட்டிடலாங்க. நான் வார்த்தை குடுத்தது குடுத்ததுதான்," என்றேன்.

அவர் காதில் வாங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மண்ணில் வைத்துவிட்டு, போய்க்கொண்டிருந்த பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிளாண்ட்டுல நின்னா சேஃப்டி அம்மிணி," என்றார் மெதுவாக. "இங்க நின்னா சாவு. இது எனக்குத் தோணாம போச்சு பாரு."

பிறகு டூல்ஸ் பையைக் கேட்டார். சீட்டைத் தூக்கினார். ரிலேக்குப் போகும் இரண்டு வயர்களையும் இழுத்து, கட்டரால் முனையை உரித்தார். என்ன செய்யப் போகிறார் என்று தெரிந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜம்பர்! பாதுகாப்பு ஸ்விட்சைத் தாண்டி வயரை நேராகச் சேர்த்துவிடும் வேலை. அவர்கள் கண்ட்ரோல் ரூமில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. கூட வேலை பார்த்தவர் ஒருவர் அதைப் பேச்சுக்குச் சொன்னதற்கே அவரோடு ஒரு வாரம் பேசாமல் இருந்த மனிதர் இவர். தன் கையாலேயே இரண்டு வயரையும் முறுக்கிச் சேர்த்தார், டேப் சுற்றினார். சீட்டை மூடி, அது பூட்டிவிட்டதா என்று இழுத்துப் பார்த்தார். என்னையும் இழுத்துப் பார்க்கச் சொல்வார் என்று நின்றேன். சொல்லவில்லை.

"இனி எஞ்சின் நிக்காது, செவப்பு லைட்டு மட்டும் எரியுமுங். விடறதா, முறுக்கறதான்னு உன்ற கைதான் முடிவு பண்ணோணும்."

"அப்ப டர்போ?"

"அது இருக்கட்டும்."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினார். இந்தத் தடவை கம்பியைப் பிடிக்கவில்லை, இரண்டு கையாலும் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஸ்டார்ட்டரைத் தொட்டேன், நாலு சிலிண்டரும் ஒன்றாகப் பேசின. ரோட்டில் ஏறி இரண்டாவது கியர் போட்டபோது, காற்றை மீறி என் காதுப் பக்கம் அவர் கத்தினார்.

"அம்மிணி, மொதல்ல அந்த பஸ்ஸத் தாண்டு!"