வரவேண்டிய கப்பல்களின் அலமாரி

அவளுக்கு நங்கூரம் என்று பெயர் வைத்தது தெரு. கப்பல் போய்விட்டது, நங்கூரம் மட்டும் வீட்டில் கிடக்கிறது என்று பொருள். அந்தத் தெருவுக்கு நகைச்சுவை உணர்ச்சி தாராளம். இரக்கம்தான் கொஞ்சம் கைப்பிடித்தம். நேரில் பேசும்போது மட்டும் "நங்கூரத்தம்மா" என்று மரியாதை சேர்த்துக்கொண்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள். கூப்பிடுவதற்கு வேறு பெயர் எவர் வாயிலும் மிச்சமில்லை.

கயிற்றுக் கடைக்காரரின் மகள் அவள். தலைமுறை தலைமுறையாகக் கப்பல் ஓட்டி வியாபாரம் செய்த குடும்பத்துக்கு மூத்த மருமகளாக வந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட நிறையவில்லை, கணவன் மரமும் தகரமும் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போனான். கப்பலும் வரவில்லை, கப்பலின் ஒரு பலகையும் வரவில்லை.

வேறு குடும்பமாக இருந்தால் அழுது தீர்த்திருப்பார்கள். இந்தக் குடும்பத்துக்கு அந்த வசதி கிடையாது. மாடி அறையில் மூன்று அலமாரிகள் நின்றன. முதலாவதில் ஓடிக்கொண்டிருக்கும் கப்பல்களின் காகிதங்கள். இரண்டாவதில் விற்றவை, உடைத்தவை. மூன்றாவதன் நெற்றியில் "வரவேண்டியவை" என்று எழுதியிருந்தது. காணாமற்போன கப்பலின் காகிதக் கட்டு அங்கே போகும். ஆகவே இந்த வீட்டுக் கப்பல் எதுவும் மூழ்கியதே இல்லை, தாமதமாகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இதைத் தொடங்கிவைத்தவர் கொள்ளுத்தாத்தாவுக்கும் மூத்தவர். கப்பல் போய்விட்டது என்று தெரிந்தால் மற்ற வியாபாரிகள் சரக்கை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்களே என்று, "காத்து சரியில்லை, வந்துடும்" என்று சொல்லிவைத்தார். அவருக்கு அது தந்திரம். மகனுக்கு வழக்கம். பேரன் காலத்தில் தர்மமாகிவிட்டது. பொய்க்கு வயதாகிவிட்டால் அதைக் கண்டு எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள்.

தாமதமாகும் கப்பலில் இருப்பவர்கள் சாக முடியாது. அதனால் அவர்களுடைய மனைவிமார் விதவையாகவும் முடியாது. காணாமற்போனவன் ஏழாண்டு வராவிட்டால் இறந்தவனாகக் கொள்ளலாம் என்று சட்டம் சொன்னது; குடும்பம் சட்டத்தைவிடப் பொறுமைசாலி. மூன்றாம் அலமாரியில் ஐந்து கட்டுகள் சேர்ந்தன. ஐந்தும் இந்த வீட்டு ஆண்களே ஓட்டிப் போன கப்பல்கள். முதல் நான்கு கட்டுக்கு உரிய நான்கு பெண்களும் மனைவிகளாகவே செத்தார்கள். ஐந்தாவது கட்டுக்கு உரியவள் அலமாரிச் சாவியைப் பெற்றுக்கொண்டாள். வெயில் காலத்தில் கட்டுகளை அவிழ்த்து, தூசி தட்டி, கரையான் பார்த்து, திரும்பக் கட்டிவைப்பது அவள் வேலை.

முப்பது வயதில் ஒருமுறை அவளுக்கும் வாசல் திறந்தது. அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் ஒருவர், அவளுடைய சித்தி மூலம் கேட்டு அனுப்பினார். மாமியார் சண்டை போடவில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டார்:

"நாளைக்கே அவன் வந்து நின்னா என்னடி பதில் சொல்லுவ?"

"வருவாருன்னு நம்புறீங்களா அத்தை?"

"நம்புறது என் வேலை இல்லை. வரமாட்டான்னு சொல்றதுக்கு நீ யாரு?"

பிழை திருத்துகிறவர் இரண்டு வருடம் காத்திருந்தார். இந்தப் பிழை அவர் மேசைக்கு வரவே இல்லை. வேறு இடத்தில் கட்டிக்கொண்டார்.

மாமியார் போனார், கப்பல்கள் போயின. மிஞ்சியவர் கொழுந்தனார் சின்னவர். ஒற்றை மேசை போட்டுச் சரக்குப் பதிவு செய்கிற ஆள். வீட்டை இடிக்கக் கொடுத்தாயிற்று. காகிதங்களை ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக்கொடுத்தார். கையுறை மாட்டிய மெலிந்த அதிகாரி ஒருவர் மாடி அறைக்கு வந்து சேர்ந்தார். இரண்டு அலமாரிகள் சிக்கலில்லாமல் பெட்டிக்குள் இறங்கின. மூன்றாவதைத் திறந்ததும் அவர் நின்றார்.

"இந்த அஞ்சு கட்டுக்கும் 'மூழ்கிய கப்பல்கள்'னு தலைப்பு போட்டுடட்டுமா?"

"மூழ்கினதை நீங்க பாத்தீங்களா?" என்று பாய்ந்தார் சின்னவர்.

"இல்லைங்க. ஆனா முதல் கட்டு பாய்மரக் கப்பல். இனிமே வந்தாலும் யார்கிட்டங்க சரக்கை இறக்கும்?"

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார் போலும். யாரும் சிரிக்காததால் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பழையவற்றுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. கடைசிக் கட்டுக்கு மட்டும், கப்பலை இழந்துவிட்டோம் என்று நெருங்கிய உறவினர் கையெழுத்திட வேண்டும்.

"கொடுங்க" என்றாள் நங்கூரத்தம்மா.

"அண்ணி, வேண்டாம். அண்ணன் வந்தா கேப்பாரு."

"வந்தா என்கிட்ட கேக்கச் சொல்லுங்க தம்பி. எனக்கும் அவர்கிட்ட கேக்க நிறைய இருக்கு."

"அன்னிக்கு நான் போயிருக்கணும் அண்ணி." என்றார் சின்னவர். "காய்ச்சல்னு படுத்துக்கிட்டேன். அவ்வளவு பெரிய காய்ச்சல் ஒண்ணும் இல்லை. நீங்க கையெழுத்துப் போட்டா நான்தான் அவரைக் கொன்னதா ஆயிடும்."

முப்பது வருடத்துக்கு மேலாக ஒரே கூரையின் கீழே, இவருக்காகவும்தான் அவன் உயிரோடு வைக்கப்பட்டிருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நீங்க போயிருந்தா உங்க பொண்டாட்டி இங்க உக்காந்திருப்பா. அவளும் இதைத்தான் செஞ்சிருப்பா" என்றாள். கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரி பென்சிலை எடுத்தார். "எந்த வருஷம்னு போடட்டும்மா?"

"இந்த வருஷம்னு போடுங்க சார்" என்றார் சின்னவர் அவசரமாக. "அதையாவது செய்ங்க. இத்தனை நாள் இருந்தார்னு இருக்கட்டும்."

"இத்தனை நாள் இருந்துட்டு ஒரு தடவை எட்டிப் பாக்கலைன்னு ஆகுமே தம்பி. அந்த மாதிரிப் புருஷன் எனக்கு வேண்டாம். கிளம்பின வருஷத்தையே போடுங்க சார். மத்த நாலுக்கும் அப்படியே போடுங்க. அந்தப் பொம்பளைங்களாலே கேக்க முடியாது."

அவர் எழுதுவதைப் பார்த்து, "பேனாவால எழுத மாட்டீங்களா?" என்றாள்.

"எங்க விதி பென்சில்தாம்மா. பின்னால திருத்தணும்னா வசதி."

"யாரும் திருத்த வரமாட்டாங்க" என்றாள்.

பெட்டிகள் இறங்கின. சின்னவர் சுமைகாரர்களுக்கு வழி காட்டுவதுபோல் அவர்களோடு படியிறங்கிப் போனார். அறையில் அவள் தனியாக நின்றாள். ஆசைப்பட்ட விடுதலை கிடைத்துவிட்டது, பயன்படும் வயதுதான் தாண்டிப்போயிருந்தது. இப்போது அழ வேண்டும் போலும் என்று நினைத்து, அவன் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள். கிளம்பிய வருடத்திலேயே அவனை நிறுத்திவிட்டாளே. வந்தது இருபத்தைந்து வயது முகம். மீசைகூடச் சரியாகக் கனக்கவில்லை. அவள் பெற்றிருந்தால் அதைவிட மூத்த மகன் இருப்பான்.

அழுகை வந்தது. அது மனைவியின் அழுகை அல்ல. தண்ணீரில் போன ஒரு பிள்ளைக்காக வயதான பெண் ஒருத்தி, வெற்று அலமாரியைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.