பெருக்கல் குறி ஒட்டுகிறவர்

காலி அறைதான் என்றாலும் கதவை இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் திறக்கிறார் டேப் அண்ணன். "ரெண்டு மாசமா மூடிக் கெடந்த ரூம். சொல்லாம கொள்ளாம நுழையலாமா சார்?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கதவில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினார்.

எங்கள் அலுவலகத்தின் பராமரிப்பு ஆள் அவர். இடுப்பில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். பெயர் வந்த வழி அதுதான். தொற்றுக்குப் பயந்து மூடிய அலுவலகத்தைத் திறப்பதற்கு முன் முதலில் நுழைபவர் அவரே. ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு அரைமணி நேரம் வெளியே நிற்பார். குழாய்களில் தேங்கிய தண்ணீர் பழுப்பு போய்த் தெளியும்வரை ஓட விடுவார். அப்புறம் முட்டி போட்டு நாற்காலிக்கு நாற்காலி அளப்பார். எங்கள் வரிசையில் பத்து நாற்காலிகள். இடைவெளி போதாது. அதனால் ஒன்றுவிட்டு ஒன்றில் சிவப்புப் பெருக்கல் குறி ஒட்டுவார். குறி விழுந்த நாற்காலிக்காரர் வீட்டிலிருந்தே வேலை பார்க்க வேண்டும், மற்றவர்கள் வரலாம். மேலிடத்து உத்தரவு அவ்வளவுதான்.

போன தடவை ஜன்னல் பக்கமிருந்து எண்ணினார். இருபதே நாளில் மறுபடி மூடும்படி ஆயிற்று. அதற்குள் கேஷியரம்மாவும் மூலையில் உட்காரும் கம்ப்யூட்டர் ஆபரேட்டரும் இறந்துபோனார்கள். இருவருமே குறி விழுந்த நாற்காலிக்காரர்கள். அந்த இருபது நாளும் அலுவலகப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர்கள். தற்செயல்தான் என்று எல்லாரும் சொல்கிறோம். ஆனாலும் டேப் அண்ணன் கொடுக்கும் டீயை இப்போது யாரும் வாங்கிக் குடிப்பதில்லை.

"நான் என்ன சார் பண்ணேன்? ஒட்டச் சொன்னாங்க, ஒட்டினேன்," என்றார் நாற்காலிகளைத் துடைத்தபடி. கேஷியரம்மாவின் நாற்காலிக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் நகருங்கம்மா," என்றார். சொல்லிவிட்டு, நகர்வதற்கு நேரம் கொடுப்பவர்போல் துணியோடு நின்றார்.

நாளைக்குத் திறக்கிறோம். அந்த நாற்காலிக்குப் புதிதாக வருகிறவள் அவருடைய தங்கை. அப்பா அம்மா போன பிறகு அவரே தூக்கி வளர்த்த பெண். ஜன்னலிலிருந்து எண்ணினால் குறி மறுபடியும் அங்கேயே விழும். கதவிலிருந்து எண்ணினால் பக்கத்து நாற்காலியில் விழும். பக்கத்து நாற்காலி என்னுடையது.

"எந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கட்டும் சார்? நீங்களே சொல்லுங்க."

தற்செயல் என்று எல்லாரையும்விட உரக்கச் சொன்னவன் நான். இப்போது பயமாக இருந்தது. பயப்படுவது வெட்கமாகவும் இருந்தது.

அவர் காத்திருந்து பார்த்தார். பிறகு எழுந்து கதவுப் பக்கம் போனார். எண்ணி, ஒட்டி, எண்ணி, ஒட்டி, என் நாற்காலிக்கு வந்து சேர்ந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார்."

என் முகத்தைப் பார்க்காமலேயே பின்தாளை உரித்தார். குறியை நட்டநடுவில் வைத்து, ஒரு சுருக்கம்கூட விழாதபடி, தூங்கும் பிள்ளையைத் தட்டுவதுபோல் உள்ளங்கையால் மெல்ல மெல்லத் தடவிக்கொடுத்தார்.