வாசலில் ஓர் ஈரச் சாக்கு

சிவகாசிக்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி மாணவனாக இருந்த நாட்களை நினைத்தால், முதலில் வருவது ஆய்வகத்து வாசலில் கிடந்த ஈரச் சாக்குதான். தினமும் காலையில் அதை நனைத்துப் பிழிந்து விரிப்பவர் எங்கள் உதவியாளர் அக்கா. தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலையில் பல வருடம் வேலை பார்த்தவர். வெடிமருந்து கலக்கும் மருந்து அறையில் தங்கையைத் தீக்குக் கொடுத்த பிறகு, இனி அந்தத் திசைக்கே போவதில்லை என்று இங்கே வந்து சேர்ந்தார். மருந்து இருக்கும் இடத்தில் தரை காயக்கூடாது, காய்ந்தால் உரசலில் பொறி வரும் என்பது அங்கே பழகியது. எங்கள் புட்டிகளைப் பார்த்ததும் இதுவும் மருந்து அறைதான் என்று முடிவு செய்துவிட்டார்.

நான் செய்துகொண்டிருந்தது தீப்பிடிக்காத பேட்டரிக்கான ஒரு மெல்லிய படலம். மரவள்ளி மாவைக் காய்ச்சி, அதில் அயனித் திரவம் கலப்பேன். அதுவும் உப்புதான், ஆனால் சாதாரண வெப்பத்திலேயே எண்ணெய் போல ஓடும், லேசில் பற்றாது. பட்டாசின் காகிதக் குழாய்க்குப் பசை காய்ச்சிய கை என்பதால் அக்கா கிண்டினால் ஒரு கட்டி விழாது. "இது வெடிக்காதுல்ல தம்பி?" என்று அடிக்கடி கேட்பார். வெடிக்காது என்றால் முகம் தெளியும்.

படலத்தில் மின்சாரம் பாயும் அளவுகள் பிரமாதமாக வந்தன. பேராசிரியர் என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். பிறகு வேறோர் ஊரில், ஈரமில்லாத பெட்டிக்குள் வைத்து அளந்தபோது எல்லாம் சரிந்தது. படலம் வாசலை ஒட்டித்தான் காய்ந்தது, காற்றிலிருந்து தண்ணீரைக் குடித்திருந்தது. அயனித் திரவத்தின் பெருமை என்று நான் எழுதியதில் பாதி அந்தச் சாக்கின் ஈரம். வாசலில் சாக்கை நனைத்துப் போட்டது யார் வேலை என்று கேட்டார் பேராசிரியர். அக்கா என்றேன். ஒரு மழை நாளில் அளவு ஏறியதைப் பார்த்தே எனக்குச் சந்தேகம் வந்ததையும், நல்ல அளவை விட மனமில்லாமல் தினமும் அந்தச் சாக்கைத் தாண்டிப் போனதையும் சொல்லவில்லை. பட்டம் போய்விடும் என்ற பயம். அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

சில மாதம் கழித்து ஆலை வேன் நிற்கும் இடத்தில் அவரைப் பார்த்தேன். கையில் தூக்குவாளி. திரும்பவும் மருந்து அறை வேலைதான். உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "சாக்க விரிச்சது நாந்தான தம்பி, நீங்க என்ன பொய்யா சொன்னீக? ஒங்க படிப்பக் கெடுக்கப் பாத்தேனே." வேன் வந்துவிட்டது. நான் கையசைத்தேன், அவ்வளவுதான்.

படலத்தைத் திருத்திச் செய்து பட்டமும் வாங்கிவிட்டேன். இப்போது என் ஆய்வகத்தில் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஓடுகிறது; வாசல் எப்போதும் காய்ந்தே கிடக்கிறது. எங்காவது ஆலையில் வெடி என்று செய்தி வந்தால், பெயர்கள் வெளியாகும் வரை எனக்குச் சோறு இறங்காது. அந்த அறை வாசலில் இன்று சாக்கை நனைத்திருப்பார்களா என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.