உப்புப் பார்க்காத கறி

இது நடந்தது. எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம், எனக்குக் கோபமில்லை. போன வருடம் இந்நேரம் யாராவது இப்படியொரு கதை சொல்லியிருந்தால் நானும், "போங்கோ, உங்களுக்கு வேறை வேலையில்லை" என்றுதான் சொல்லியிருப்பேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். பெயர் உதயகலா. இப்போது நெல்லியடியில் அம்மா வீட்டில் இருந்து எழுதுகிறேன். பகலில்தான் எழுதுகிறேன்.

என் கணவன் சிவகரனை முன்பு 'அவர்' என்றுதான் சொல்லுவேன். இனி அது வாயில் வராது. அவன் என்றே எழுதுகிறேன்.

முப்பத்து நாலு வயதில்தான் எனக்குக் கலியாணம் பொருந்தியது. பெண் பார்க்க வந்த அன்று, தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "நீர் நாவல் வாசிப்பீரோ?" ஓம் என்றேன். "சமைக்கப் பிடிக்குமோ?" அதற்கும் ஓம். "எனக்கும் அது ரெண்டும்தான் விருப்பம்," என்றான். சீதனம் எவ்வளவு, வேலை நிரந்தரமோ என்று கேட்டுப்போனவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்த எனக்கு வேறென்ன வேண்டும்? அன்றைக்கே விழுந்துவிட்டேன்.

சுன்னாகத்தில், வெங்காயத் தோட்டங்கள் முடிகிற இடத்தில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்தோம். பின்னேரம் ஆறு மணியென்றால் இரண்டு பேரும் குசினிக்குள். நான் தேங்காய் துருவுவேன். அவன் பலகையைப் போட்டு இருந்துகொண்டு நாவல் வாசிப்பான். நல்ல குரல். கதையில் சண்டை வந்தால் குரலை ஏற்றுவான், காதல் வந்தால் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான். சிரித்துச் சிரித்து நான் கறியை அடிப்பிடிக்க விட்ட நாட்களும் உண்டு. ஒருவரை விட்டுவிட்டு மற்றவர் முன்னுக்கு வாசிக்கக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம். இன்னொரு சட்டமும் இருந்தது. ஒவ்வொரு பந்தி முடியவும் கேட்கிறவர் 'ம்' கொட்ட வேண்டும். 'ம்' வராமல் அடுத்த பந்திக்குப் போகமாட்டான். சின்னப் பிள்ளைக்குக் கதை சொல்லுகிற மாதிரி. எனக்கு அது நல்லாகப் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் அவன் சமைப்பான். எப்போதும் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும்தான். புத்தகத்தைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்துவிட்டு, கறியைத் துழாவிக்கொண்டே வாசிப்பான். கைப்பக்குவம் அருமை. ஆனால் உப்பு மட்டும் சரிவராது. கறியை அவன் நாக்கில் வைத்துப் பார்ப்பதேயில்லை.

"ஒரு சொட்டு உள்ளங்கையிலை விட்டு நக்கிப் பாத்தால் என்னப்பா? கை தேஞ்சு போடுமே?" என்று பகிடி பண்ணுவேன்.

"எனக்குக் கணக்குத் தெரியும்," என்பான்.

"கணக்கு ரீச்சர் நான். உங்கடை கணக்குப் பிழை."

சிரிப்பான். பிறகு ஒரு கோப்பையில் புட்டும் கறியும் போட்டு, அம்மிக்குப் பக்கத்தில் நிலத்தில் வைப்பான். "கொஞ்சம் ஆறட்டும்," என்பான். ஆறியதும் அதை எனக்குத் தருவான். நானும் மேலாலே உப்புத் தூவிச் சாப்பிடுவேன்.

ஐப்பசியில்தான் முதல் பிழை தெரிந்தது. மழை வரப்பார்த்தது. காயப்போட்ட உடுப்பை எடுக்கக் கிணற்றடிக்கு ஓடினேன். குசினி யன்னலால் அவன் குரல் கேட்டது. வாசித்தான். நிறுத்தினான். மறுபடி வாசித்தான். உடுப்போடு உள்ளே வந்து கேட்டேன்.

"என்னப்பா, என்னை விட்டிட்டு முன்னுக்கு வாசிச்சுப்போட்டியளே?"

"நீர் 'ம்' எண்டனீர்தானே."

"நான் கிணத்தடியிலை எல்லோ நிண்டனான்!"

அவன் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. "அப்ப காத்தாக்கும்," என்றான்.

காற்று 'ம்' கொட்டுமா? இருந்தாலும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மார்கழியில் எனக்குத் தொண்டை கட்டியது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுத்தான். அன்று வெள்ளிக்கிழமை. அவன் சமைத்து, கோப்பையை அம்மியடியில் வைத்துவிட்டான். நான் தலையாட்டுகிறேன், நீங்கள் வாசியுங்கோ என்று கையால் காட்டினேன். ஒரு பந்தி முடிந்தது. நான் தலையாட்ட முதல்...

ம்.

அம்மிப் பக்கம் இருந்து வந்தது. பெண் குரல். வாய் நிறையச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு கொட்டுகிற 'ம்'.

கையிலிருந்த தேத்தண்ணி மடியில் ஊற்றுப்பட்டது. அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. அம்மியடியைப் பார்த்துச் சிரித்தான். அடுத்த பந்தியைத் தொடங்கினான்.

அன்று அந்தப் புட்டை நான் தொடவில்லை. காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கு என்று எழுதிக் காட்டிவிட்டுப் போய்ப் படுத்தேன். எனக்குத்தான் பிரமை என்று விடியும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தை மாதம், இரண்டாவது வெள்ளி. பின்னேரம் 6.40க்குக் கரண்ட் போனது.

கும்மிருட்டு. காஸ் அடுப்பின் நீல நெருப்பு மட்டும்.

அவன் குரல் நிற்கவில்லை.

வாசித்துக்கொண்டே போனான். ஒரு சொல் தடக்கவில்லை. இந்த இருட்டில் எப்படி...?

பந்தி முடிந்தது.

நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினேன்.

ம்.

அடுத்த பந்தி.

ம்.

என் முழங்காலுக்குப் பக்கத்தில்...

கோப்பையில் விரல் உரசியது. சரக்... சரக்...

"பிறகு?" என்றது.

போன் லைற்றை அடித்தேன். நாங்கள் இரண்டு பேரும்தான். வேறு ஒருவரும் இல்லை. கோப்பையில் குவித்திருந்த புட்டின் ஒரு பக்கம் குழி விழுந்திருந்தது.

"ஆரது? ஆரெண்டு சொல்லுங்கோ!" கத்தினேன்.

அவன் அழத் தொடங்கினான். சுகிர்தா என்றான். முதல் மனுசி என்றான். அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வவுனியாவில் வேலை பார்த்த காலத்தில் கட்டியவளாம். ஐந்து வருடத்துக்கு முன் காய்ச்சலில் செத்துப்போனாளாம்.

"அம்மாளாணை, உமக்குச் சொல்லத்தான் இருந்தனான்."

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. புதுப் புத்தகம், புதுப் புத்தகம் என்று எனக்கு வாசித்ததெல்லாம் அவளுக்கு எப்போதோ வாசித்து முடித்தவை. அதனால்தான் மனப்பாடம். முன்னுக்கு வாசிக்கக் கூடாது என்று எனக்குச் சட்டம் போட்டவன், கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். 'ம்' கொட்டுவது அவள் பழக்கியது.

"வெள்ளிக்கிழமைக் கறிக்கு ஏன் உப்புப் பாக்கிறேல்லை?"

கேட்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. செத்தவர்களுக்குப் படைக்கிற சமையலுக்கு எங்கள் வீடுகளில் உப்புப் பார்ப்பதில்லை. அவர்கள் சாப்பிட முதல் எங்கள் நாக்கு அதில் படக் கூடாது.

அத்தனை வெள்ளியும் அவன் அவளுக்குப் படைத்திருக்கிறான். மிச்சத்தை நான் சாப்பிட்டிருக்கிறேன். வாசித்தது எனக்கு இல்லை. நான் பக்கத்தில் இருந்து தேங்காய் துருவினேன், அவ்வளவுதான். அடித்த கண்கூட எனக்குத்தானோ தெரியாது. கலியாணத் தரகருக்குத் தெரியும், அவனுடைய அக்காவுக்குத் தெரியும், தெரியாத ஒரே ஆள் நான்.

ஆனாலும் வீட்டை விட்டுப் போகவில்லை. செத்தவளோடு எனக்கு என்ன போட்டி என்று மனதைத் தேற்றினேன். அவன் அழுததைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அடுத்த வெள்ளி நானே கத்தரிக்காய் வெட்டிக் கொடுத்தேன். மடைச்சி.

மாசி மாதம், கடைசி வெள்ளி. பின்னேரம் 6.45. அவன் குசினியில் வாசித்துக்கொண்டிருந்தான். நான் ஹோலில் இருந்து சோதனைத் தாள் திருத்தினேன். சார்ஜில் கிடந்த அவனுடைய போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தேன்.

"சிவகரன் ஐயாவோ?" ஒரு பெண்.

"அவர் சமைக்கிறார். நான் அவற்றை மனுசி கதைக்கிறன்."



"என்ன தங்கச்சி சொல்லுறியள்? அவற்றை மனுசி இஞ்சையெல்லோ கிடக்கிறா."

"எங்கை?"

கொடிகாமத்துப் பக்கம், ஏலாதவர்களை வைத்துப் பார்க்கிற ஒரு இல்லத்தின் பெயரைச் சொன்னாள்.

"சுகிர்தாவே? அவ செத்து அஞ்சு வருசமெல்லோ..."

"ஐயோ, உந்தக் கதை கதையாதேங்கோ. இப்பத்தான் முகம் துடைச்சு விட்டனான். காலிரண்டும் ஏலாது, மற்றும்படி ஆள் நல்ல நினைவு. ஒண்டு கேக்கத்தான் எடுத்தனான் தங்கச்சி. வெள்ளிக்கிழமையெண்டால் இரவுச் சாப்பாட்டைத் தொடுறாவில்லை. மனுசன் புட்டுத் தந்தவர், வயிறு முட்டிப்போச்சு எண்டுறா. ஐயா எங்களுக்குத் தெரியாமல் வந்து குடுக்கிறவரோ?"

உயிரோடு இருக்கிறவளுக்கு யாராவது படைப்பார்களா?

குசினியில் பந்தி முடிந்தது. அவன் நிறுத்தினான்.

போனில், அந்தப் பெண்ணுக்குப் பின்னால்...

ம்.

அவன் அடுத்த பந்தியைத் தொடங்கினான்.

"கேட்டியளே? இந்த நேரமெண்டால் உப்பிடித்தான். ஆரோ பக்கத்திலை இருந்து கதை சொல்லுற மாதிரி..."

போனைக் காதிலிருந்து எடுத்தேன். குசினி வாசலுக்குப் போனேன்.

அவன் நிமிர்ந்தான். என் முகத்தைப் பார்த்தான். என் கையிலிருந்த தன் போனைப் பார்த்தான். திடுக்கிடவில்லை. ஒன்றையும் மறுக்கவில்லை. அகப்பையால் கறியைத் துழாவிக்கொண்டே கேட்டான்.

"சுகிர்தா சாப்பிட்டாவாமோ?"