வியா மக்வேதாவில் லேஸ் விற்கிறேன்

லேஸ் கடையில் நிற்பவரிடம் ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது கேட்பார்கள்: "இது கையால பின்னினதோ?" புடவைக்கடை, நகைக்கடை என்று நாள் முழுக்க நின்று கால் கடுத்த உங்களுக்கும் இப்படி ஒரு கேள்வி வாய்த்திருக்கும். இத்தாலியின் பலெர்மோவில், வியா மக்வேதா தெருவை ஒட்டிய சந்துக் கடையில், எனக்கு வாய்த்தது இதுதான்.

மூன்றாவது இதழ்

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை. கலியாணப் பெண் ஒருத்தி அந்தக் கேள்வியைக் கேட்டாள். விற்றால் போதுமென்று "ஓம், கைவேலைதான்" என்றேன். உள்ளே நின்ற முதலாளி ரொசாலியா வந்து லேஸை வெளிச்சத்தில் விரித்தா. ஒவ்வொரு பூவிலும் மூன்றாவது இதழில் ஒரு நூல் குறைந்திருந்தது. மெஷினுக்கு வடிவம் சொல்லும் அட்டையில் ஒரு துளை பிழைத்தால், அது அதே பிழையைப் பூவுக்குப் பூ பின்னிக்கொண்டு போகுமாம். எனக்கு முகம் செத்துப்போனது. பெண் அந்த இதழைத் தடவிப் பார்த்துவிட்டு மூன்று மீற்றர் வெட்டச் சொன்னாள்.

"என்ர ஆளும் ஒரே பிழையைத்தான் திரும்பத் திரும்ப விடுறவர். பழகிட்டுது."

உருவுகிற நூல்

மெஷினிலிருந்து லேஸ் கரைகள் ஒன்றோடொன்று ஒட்டி, அகலமான துணி மாதிரி வரும். இடையில் ஓடும் நூலை உருவினால் கரை கரையாகப் பிரியும். முன்பு லேஸ் மெஷின் ஓடிய ஊர்களில் பெண்கள் இதை வீட்டில் இருந்து செய்வார்களாம். பழைய சுருள் ஒன்றை நான் பிரிக்கையில் நூல் பாதியில் அறுந்தது. "சனியனே, வாவன்" என்று தமிழில் முணுமுணுத்தேன். எதிரே நின்றவள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் பிள்ளை, அடிக்கடி வருகிறவள். வட இந்தியா என்றே நினைத்திருந்தேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, ரெண்டு மாசமா தப்புத் தப்பா இத்தாலியன் பேசி உங்களைக் கொன்னிருக்கேனே."

சோடி உறை

போர்கோ வெக்கியோ சந்தையில் மீன் விற்கும் நீனோ ஒரு தலையணை உறையோடு வந்தார். கலியாணத்துக்கு வாங்கிய சோடியில் ஒன்று. மனைவி இறந்து ஒரு வருசம். மகள் தோய்த்ததில் அவருடைய உறையின் லேஸ் கிழிந்துபோனது. அதே லேஸ் வேண்டுமென்றார். அந்த வடிவத்தை இப்போது ஒருவரும் பின்னுவதில்லை. மூன்று நாள் பெட்டி பெட்டியாகத் தேடினேன். கிடைத்ததில் இலை கொஞ்சம் பெரிது. சொல்லப் பயந்து பயந்து, இரண்டு உறைக்கும் இதையே போட்டால் சோடி பொருந்தும் என்றேன். அவர் கிழிந்த உறையை என் பக்கம் தள்ளினார்.

"என்ரைக்குப் புதுசைத் தைச்சுத் தாங்கோ. அவவின்ரயை ஒருத்தரும் தொட வேண்டாம்."

மீற்றரால் அளந்து விற்கத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். அரை மீற்றருக்கு அரை நாள் கதை கேட்கவேண்டி வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை.