தபீதாள் சாட்சிக் கூண்டில் ஏறிய நாள்

அன்று காலை தபீதாள் இட்லியைப் பாதியிலேயே வைத்துவிட்டாள். பயமெல்லாம் இல்லை. நாற்பத்தெட்டு வயதில் முதன்முதலாக ஒருவர் அவள் வேலையைப் பற்றிக் கேட்கப் போகிறார், கேட்டதை எழுதியும் வைக்கப் போகிறார். அந்தப் பரபரப்புதான்.

போன வருஷம் சேலையூர் கேம்ப் ரோட்டில், மாமியார் செல்லம்மாவுக்கு மாத்திரை வாங்கிவிட்டு வரும்போது ஒரு தண்ணீர் லாரி அவளை இடித்துத் தள்ளியது. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர், கட்டிலில் கிடந்தவளை விட்டுவிட்டு அவள் கணவர் ஜெபகுமாரிடம் கேட்டார்.

"மேடம் எங்க வேலை பாக்கறாங்க?"

"வேலை எதுவும் இல்ல சார். சும்மா வீட்லதான் இருக்காங்க."

மருந்துக் கிறக்கத்திலும் அது அவள் காதில் விழுந்தது. "அப்படி எழுதாதீங்க சார்" என்றாள். அவர் எழுதி முடித்திருந்தார்.

இழப்பீட்டு வழக்கு செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. தாம்பரத்தில் ரயிலேறியதும் வக்கீல் பிளஸ்ஸி, "ஆன்ட்டி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, போதும்" என்று மூன்று முறை சொன்னாள். தபீதாளும் மூன்று முறை தலையாட்டினாள்.

கூண்டில் நின்றவளிடம் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அந்தப் போலீஸ் காகிதத்தைக் காட்டினார். "தொழில் இல்லைன்னு உங்க வீட்டுக்காரரே சொல்லியிருக்காரு. வேலையே இல்லாதவங்களுக்குக் கை உடைஞ்சா என்னம்மா நஷ்டம்?"

தபீதாளுக்குக் காது மடல் சுட்டது. "நாலரைக்கு எந்திரிச்சு அத்தைக்கு உடம்பு துடைச்சு துணி மாத்துவேன் சார். பக்கவாதம் வந்து ஆறு வருஷமா படுக்கை. ரெண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லன்னா முதுகெல்லாம் புண்ணாயிடும். அவங்க எழுபது கிலோ. இந்தக் கையாலதான் புரட்டினேன். சமையல், துணியெல்லாம் அதுக்கு நடுவுல."

நீதிபதி நிமிர்ந்தார். "கை முறிஞ்சப்புறம் இதெல்லாம் யாரும்மா செஞ்சாங்க?"

"பகலுக்கு ஒரு நர்ஸம்மா, சமையலுக்கு ஒருத்தங்க வந்தாங்க ஐயா. மீதிக்கு இவரு நாலு மாசம் சம்பளமில்லாம லீவு போட்டாரு. அப்பவும் அத்தைக்குப் புண்ணு வந்துடுச்சு."

பின்வரிசையில் ஜெபகுமார் எழுந்துவிட்டார். "ஐயா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. தெரியாம சொல்லிட்டேன்." உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். தபீதாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டின.

ஆறு வாரம் கழித்து, பிசியோதெரபி முடித்துக் கீழ்க்கட்டளை பஸ் நிறுத்தத்தில் நின்றபோது பிளஸ்ஸி கூப்பிட்டாள். "ஜெயிச்சுட்டோம் ஆன்ட்டி. நீங்க செய்யறது முழுநேர வேலைன்னு தீர்ப்புலயே எழுதியிருக்காரு."

"அந்த வரிய மட்டும் இன்னொரு தடவை படி."

பிளஸ்ஸி படித்தாள். தபீதாள் அந்த வரியை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

பக்கத்தில் பூக்கூடையோடு நின்ற பெண் கேட்டாள், "இன்னாக்கா, நல்ல சேதியா?"

தபீதாள் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். தாம்பரம் பஸ் ஒன்று வந்து நின்று போனது. இருவருமே ஏறவில்லை.